வாடகை 3,500 ரூபாய்: கூடவா, குறைவா?

ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற மண்டபம் என்ற ஊரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் தன் பூர்வீக வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். பாக் நீரிணைக் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, முற்றத்தில் ஒரு வேப்பமரம். வாடகை 3,500 ரூபாய். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இன்னொரு வீடு, அதற்கும் 3,500தான். அங்கே வேப்பமரம்கூடக் கிடையாது. ஆனால் சனி, ஞாயிறு வந்தால் அந்த வாசலில் கார் நிற்கும். இந்த வாசலில் நாய் படுத்திருக்கும்.

"வாடகையைக் குறைச்சிருவோமாண்ணே?" என்றார். குறைத்தும் பார்த்தார், 2,800 ஆக்கினார். வந்த நாலைந்து போனும் "ஏன் இவ்வளவு கம்மியா போட்டிருக்கீங்க, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்கிற ரகம். அதற்கப்புறம்தான் அவருடைய வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அவருடையது நான் செய்ததில்லை. செய்திருந்தால் இதை எழுதவே கூச்சப்பட்டிருப்பேன்.

திறந்ததும் ஒரு சின்னம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றதும் ஒரு பெரிய அலைப் படம். கருங்கல் பாறையில் மோதிச் சிதறும் அலை, பக்கத்தில் சாய்ந்த தென்னை. மண்டபத்துப் பாக் நீரிணைக் கரையில் அப்படி ஒரு பாறையும் இல்லை, அலையும் இல்லை. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் "மிகக் குறைந்த விலை!!!" என்று மின்னிக்கொண்டிருந்தது. அறைப் படங்கள் ராத்திரியில் ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. ஒன்றில் கொசுவலை பாதி கட்டியபடி தொங்குகிறது, இன்னொன்றில் கண்ணாடியில் தம்பியின் கையும் செல்போனும் தெரிகின்றன. போன் நம்பர் எங்கே என்று தேடினால், பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில்.

இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு 3,500 என்று படித்தால் எனக்கே கூடுதலாகத்தான் தோன்றியது. நான்கு வீடு தள்ளி இருக்கிற வீட்டின் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதே 3,500ஐப் படித்தபோது, சரி, பரவாயில்லை என்று தோன்றியது.

மதிப்பு என்று எதைச் சொல்கிறோம்

கடையில் மீன் வாங்குகிறோம் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், அமுக்கிப் பார்க்கலாம். விடுமுறை வீட்டை அப்படிப் பார்க்க முடியாது. மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு முன்பணம் அனுப்பிவிட வேண்டும். வீடு எப்படி என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே முன்பணம் அனுப்பும் அந்த நிமிடத்தில் அவர் கையில் இருப்பது வீடு இல்லை, வீட்டைப் பற்றிய ஓர் எண்ணம். அந்த எண்ணத்துக்குத்தான் அவர் விலை போடுகிறார்.

இதைச் சந்தைப்படுத்தல் படிப்பில் 'உணரப்படும் மதிப்பு' என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் வலேரி ஜைத்தாமல் 1988இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றுவரை செல்லுபடியாகிறது. நமக்கு என்ன கிடைக்கிறது, அதற்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்று மனசுக்குள் எடை போட்டுப் பார்க்கிற கணக்குதான் மதிப்பு. இதில் கவனிக்க வேண்டியது, கொடுப்பது பணம் மட்டும் இல்லை. நேரமும் கொடுக்கிறோம், அலைச்சலும் கொடுக்கிறோம், 'குடும்பத்தோட போய் ஏமாந்து நிப்போமோ' என்கிற பயத்தையும் சுமக்கிறோம். தராசின் அந்தத் தட்டில் பயம் கூடக் கூட, வாடகை 3,500ஆகவே இருந்தாலும் கனமாகிக்கொண்டே போகும். தம்பி வாடகையைக் குறைத்தும் வேலைக்கு ஆகாமல் போனது அதனால்தான். குறைந்த விலை பயத்தைக் கூட்டிவிட்டது.

என் கட்சி இதுதான். வாடகை வீட்டு வெப்சைட்டின் வேலை வீட்டைப் பெரிதாகக் காட்டுவது இல்லை, வருகிறவரின் பயத்தைக் குறைப்பது.

கண் இமைக்கும் முன்

கனடாவில் கீட்டே லிண்ட்கார்ட் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்து 2006இல் வெளியிட்டார்கள். வெப்சைட் பக்கங்களை 50 மில்லிசெகண்ட் மட்டும் காட்டி, 'பார்க்க எப்படி இருக்கிறது?' என்று கேட்டார்கள். 50 மில்லிசெகண்ட் என்றால் ஒரு நொடியில் 20இல் ஒரு பங்கு. எழுதியிருப்பதைப் படித்து முடிக்க முடியாது. ஆனாலும் அந்த இமைப்பில் கொடுத்த மதிப்பெண்ணும், கூடுதல் நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்த மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போயின. முதல் பார்வையில் விழுந்த அபிப்பிராயம் அப்படியே நின்றுவிடுகிறது என்று அர்த்தம்.

நிற்பது மட்டும் இல்லை, பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். ஜப்பானில் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த மசாகி குரோசு, காவோரி கஷிமுரா இருவரும் ஏடிஎம் திரையின் பொத்தான்களை 26 விதமாக அடுக்கி 252 பேரிடம் காட்டினார்கள். 1995இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தத் திரை அழகாக இருக்கிறது என்று சொன்னார்களோ, அதையே பயன்படுத்தவும் எளிது என்று சொல்லியிருந்தார்கள். நிஜமாகவே எளிதா என்பதோடு அதற்கு அவ்வளவு தொடர்பு இல்லை. இஸ்ரேலில் இருந்த நோம் டிராக்டின்ஸ்கிக்கு இதில் சந்தேகம்; அழகுக்கு அவ்வளவு மயங்குவது ஜப்பானிய வழக்கமாக இருக்கலாம், எங்கள் ஊரில் இது எடுபடாது என்று நினைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார். அவர் ஊரில் அந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

நம் விஷயத்துக்கு வருவோம். பக்கம் துப்புரவாக இருந்தால் வீடும் துப்புரவாக இருக்கும் என்று மனசு முடிவு கட்டிவிடும். எழுத்து கோணலாக, நிறம் கண்ணைக் குத்துகிற மாதிரி இருந்தால் படுக்கை விரிப்பு மேலேயே சந்தேகம் வரும். நியாயம் இல்லைதான். தம்பியின் அம்மா தினமும் இரண்டு வேளை வீட்டைக் கூட்டித் துடைக்கிறவர். அதை அந்தப் பக்கம் சொல்லவில்லை, அந்தச் சிவப்பு எழுத்து வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

எந்தக் கடலை விற்கிறோம்

படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துத் தரும் வெப்சைட் நடத்துகிற ஏர்பிஎன்பி நிறுவனம் 2009இல் வருமானம் போதாமல் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, அதன் நிறுவனர்கள் நியூயார்க் போய், வாடகை கேமரா எடுத்து, வீடு வீடாக ஏறி நல்ல படம் எடுத்துப் போட்டார்கள். வார வருமானம் இரு மடங்கானதாக அவர்களே பிறகு சொன்னார்கள். வீடுகள் மாறவில்லை, படம்தான் மாறியது.

ஆனால் நல்ல படம் வேறு, இரவல் படம் வேறு. ராமநாதபுரம் கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நமக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைவு, பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, ஆடிக் காற்றில் இரைகிற ஆண் கடல். தம்பியின் வீடு பெண் கடல் பக்கம். அவர் போட்டிருந்ததோ எங்கேயோ எடுத்த பாறை அலைப் படம். அதைப் பார்த்து வருகிற கல்லூரிப் பையன்கள் இறங்கியதும் "அலை எங்கண்ணே?" என்பார்கள். கைக்குழந்தையோடு வர நினைக்கிற குடும்பம் அந்த அலையைப் பார்த்துப் பயந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முழங்கால் தண்ணீரில் பிள்ளை நிற்கலாம், அலை இழுக்காது என்பதுதான் அந்த வீட்டின் பெரிய சொத்து. அதைத்தான் அந்தப் படம் மறைத்தது.

ஆகவே ஒரு காலையில் போய், வெயில் ஏறும் முன், அசையாத கடலையே எடுத்தோம். தண்ணீரில் நிற்கும் வத்தைகள் என்கிற சின்னப் படகுகள், தூரத்தில் பாம்பன் பக்கம் ஒரு கோடு. அறைகளுக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கை அணைத்து, பகல் வெளிச்சத்திலேயே எடுத்தோம். அறையின் மூலையில் நின்று அகலமாக எடுக்கிற லென்ஸ் போட்டால் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் மாதிரி விரியும். வேண்டாம் என்றேன். வந்து பார்க்கிறவர் மனசில் முதல் நிமிடமே அறை சுருங்கிவிடும். அப்புறம் ஏசி நன்றாக ஓடினாலும் அவர் கண்ணுக்கு எல்லாமே சுருங்கித்தான் தெரியும்.

கழிவறைப் படம் போடத் தம்பிக்கு வெட்கம். "அதையெல்லாமா போடுவாங்க?" என்றார். ராமேஸ்வரம் வருகிற குடும்பத்தில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டியோ தாத்தாவோ கட்டாயம் இருப்பார். அவர்களுக்காக மகளோ மருமகளோ கேட்கிற முதல் கேள்வி, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா என்பதுதான். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே வேறு வீடு பார்ப்பார்கள். ஒரே ஒரு படம்: வெள்ளைக் கோப்பை, நீல வாளி, கழுவிக் கவிழ்த்த மக், காய்ந்த தரை. பத்து வரி எழுதினாலும் அந்தக் காய்ந்த தரை சொல்கிறதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, குறையையும் போட்டோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வைத்திருப்போம். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கலங்கும், கரையில் பாசி ஒதுங்கும். சாயங்காலம் கருவாட்டு வாசம் வரும். தம்பி பதறிப்போனார். குறையைச் சொன்னால் விலை போகாது என்பது அவர் எண்ணம். ஆனால் தண்ணீர் உப்பு என்று எழுதுகிறவன் ஏசி ஓடும் என்று எழுதினால், அதை நம்பலாம் என்று தோன்றும், இல்லையா? சொல்லிவிட்ட குறைக்காக வந்த இடத்தில் யாரும் சண்டை போடுவதும் குறைவு.

விலையை எங்கே, எப்படி வைப்பது

ஓர் எண்ணைத் தனியாகப் பார்த்து அது கூடவா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் என்ன எண் இருக்கிறதோ அதை வைத்துத்தான் சொல்வோம். ஆமோஸ் டிவர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுற்றி ஓர் எண்ணைக் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10 விழுந்ததைப் பார்த்தவர்களின் நடுத்தர விடை 25, 65 விழுந்ததைப் பார்த்தவர்களின் விடை 45. சக்கரத்துக்கும் ஐநாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் கண்ணில் பட்ட எண் மனசைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு நங்கூர விளைவு என்று பெயர். நம் கரையில் இதை விளக்கவே வேண்டாம். நங்கூரம் போட்ட படகு கயிறு எட்டுகிற தூரத்துக்குள்தானே சுற்றும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் உடனே செய்வது, 7,000 என்று எழுதிக் குறுக்கே ஒரு கோடு போட்டு அதன் கீழ் 3,500 என்று வைப்பது. அந்த வீட்டை ஒரு நாளாவது 7,000க்கு விட்டிருந்தால் சரி. விடாமலே போட்டால் அது பொய், நிறையப் பேருக்கு அது பொய் என்று இப்போது தெரிந்தும்விட்டது. நிஜமான நங்கூரமே கைவசம் இருக்கும்போது பொய் எதற்கு? ஐந்து பேர் குடும்பம் லாட்ஜில் தங்கினால் இரண்டு அறை எடுக்க வேண்டும், சமைக்க முடியாது. இந்த வீட்டில் ஐந்து பேருக்கு 3,500 என்றால் ஆளுக்கு 700. 'ஐந்து பேர் வரை 3,500, ஆளுக்கு 700' என்று ஒரே வரியில் எழுதினோம். கணக்கை அவர்களையே போட விடுவதைவிடப் போட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

விலை எங்கே வர வேண்டும் என்றும் ஒரு கேள்வி உண்டு. எதையும் காட்டும் முன் விலையைக் காட்டினால், 'மலிவா இல்லையா' என்கிற கண்ணோடுதான் மற்றதையெல்லாம் பார்ப்பார்கள். கடல், கூடம், அறை, கழிவறை என்று நாலு படம் முடிந்த இடத்தில் வைத்தால், 'இதற்கு இவ்வளவு' என்று படிப்பார்கள். அதற்காக ஒளித்து வைக்கக் கூடாது. 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் பாதிப் பேர் அழைக்கவே மாட்டார்கள், நானும் மாட்டேன்.

இதைவிட மோசம், விலையைச் சொட்டுச் சொட்டாக விடுவது. முதல் பக்கத்தில் 2,999. உள்ளே போனால் சுத்தம் செய்ய 500, ஏசிக்கு 400, கூடுதல் மெத்தைக்கு 300. கடைசிப் பொத்தானில் 4,199. முதலிலேயே 4,199 என்று சொல்லியிருந்தால்கூட வாங்கியிருப்பார். இப்போது 1,200 ரூபாய்க்கு ஏமாந்த மாதிரி இருக்கும். 2,999 நங்கூரமாக விழுந்துவிட்டதே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. 'டார்க் பேட்டர்ன்' என்று அவற்றைச் சொல்கிறார்கள். இந்தச் சொட்டு விலை அதில் ஒன்று. இருக்கிறதே ஒரு வீடு, அதற்கு 'இன்னும் ஒரே அறைதான் பாக்கி, 9 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று போடுகிற பொய் அவசரமும் அதில் அடக்கம். ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள் வரியையும் சேர்த்தே விலையைச் சொல்லிவிடலாம். ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடுதான், மறைக்கிற அளவுக்குப் பெரிய தொகை ஒன்றும் இல்லை.

யார் வருகிறார்கள்

ஒரே வீடு இரண்டு பேருக்கு இரண்டு வீடு. கோவிலுக்கு வருகிறவர்களுக்குக் கடல் தெரிகிறதா என்பது அப்புறம். அக்னி தீர்த்தத்துக்கு எவ்வளவு தூரம், அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்குக் கிளம்ப வண்டி கிடைக்குமா, டெம்போ டிராவலர் நிறுத்த இடம் உண்டா, 22 தீர்த்தமும் ஆடி வந்த ஈரத்துணியை எங்கே காயப் போடுவது? தம்பியின் மொட்டை மாடியில் நீளமாகக் கொடி கட்டியிருக்கிறது. பழைய வெப்சைட்டில் அதற்குப் படமே இல்லை. காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற கைட் சர்ஃபிங் ஆட்களுக்கு வேறு கவலை: இந்த மாதம் எந்தப் பக்கம் காற்று, பலகையை நனைந்தபடி வைக்க இடம் இருக்கா. பக்கம் யாரிடம் பேசுகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் கோவிலுக்கு வருகிற குடும்பத்தை எடுத்துக்கொண்டோம். மண்டபத்திலிருந்து கோவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், நடுவில் பாம்பன் பாலம். அந்தத் தூரத்தையும் மறைக்காமல் மேலேயே போட்டோம்.

மொழி ஒரு சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் இல்லை. பழைய பக்கத்தில் தமிழ் இருந்தது, மெஷின் மொழிபெயர்ப்புத் தமிழ். "எங்கள் வசதியான தங்குமிடத்தில் மறக்க முடியாத நினைவுகளை உருவாக்குங்கள்." எந்த மண்டபத்துக்காரர் அப்படிப் பேசுவார்? அதை எடுத்துவிட்டு, "சாவி எங்க அம்மாவிடம் இருக்கும். ராத்திரி 11 மணிக்கு வந்தாலும் வாங்கிக்கலாம்" என்று எழுதினோம். இந்தி பேசும் யாத்திரிகர்கள் நிறைய வருவதால் தூரம், விலை, போன் இந்த மூன்றை மட்டும் இந்தியிலும் போட்டோம், பள்ளியில் இந்தி படித்த ஒருவரை எழுதச் சொல்லி.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் 5 எம்பி இருக்கும். இருபது படம் என்றால் 100 எம்பி. ரயிலில் உட்கார்ந்து செல்போனில் பார்க்கிறவருக்கு அது திறக்கவே திறக்காது. ஒவ்வொரு படத்தையும் 200 கேபி அளவுக்குச் சுருக்கினோம். சுற்றுகிற சின்னத்தைத் தூக்கியாயிற்று.

வாடகையை மறுபடி 3,500 ஆக்கினார் தம்பி. இப்போதும் எல்லா வாரமும் நிறைவதில்லை, புரட்டாசியில் மகாளய அமாவாசையைத் தாண்டினால் காற்று வாங்குகிறது. ஆனால் வருகிற போன்கள் வேறு மாதிரி. முன்பு "எவ்வளவு குறைப்பீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்போது "கேஸ் அடுப்பு எத்தனை பர்னர்?", "பாட்டியை மாடி ஏற்ற வேண்டாமே?" என்று கேட்கிறார்கள். வருவதென்று முடிவு செய்துவிட்டவர்கள் கேட்கிற கேள்விகள் அவை.

அலைப் படத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. போன வாரம்கூட, "ஒண்ணே ஒண்ணு போடுவோம்ணே, பார்க்கிறவனுக்கு ஒரு இது வேணும்ல" என்றார். ஆடியில் தெற்குப் பக்கம் போய் நம்ம அலையையே எடுப்போம், அடியில் 'இது மன்னார் வளைகுடா, நம்ம வீட்டு வாசல் இல்லை' என்று எழுதிவிடலாம் என்றேன். "அப்படி எழுதினா எவன் பார்ப்பான்?" என்று சலித்துக்கொண்டே போனை வைத்தார்.